மாசாயிலிருந்து ஒரு மைத்துனன்

மலேசியாவின் தெற்கு முனையில் இருக்கிற ஜோகூர்க்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. சிங்கப்பூரை நாங்கள் வெளிநாடு என்று நினைப்பதே இல்லை. பதினோரு வருடமாக நான் விடிவதற்குள் எங்கள் ஊரான மாசாயிலிருந்து மோட்டார்சைக்கிளைக் கிளப்பி, பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போகிறேன். மாலையில் திரும்பி வந்து எங்கள் தாமான் குடியிருப்புக் கடையில் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், என் கைப்பையில் சீப்போடும் சில்லறையோடும் கிடக்கும். அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறவர் என் கணவர். அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து குடியேறியவர்.

அவருடைய ஒரே தங்கைக்குக் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்று மாமனார் சொன்ன அன்றே, மதிய இடைவேளையில், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு எனக்கும் அவருக்கும் எங்கள் மகளுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் போவார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் பிளைட்ல ஏறணும்னா நான் மொதல்ல சிங்கப்பூருக்குள்ள போகணுமே. அதுக்கு எனக்கு விசா வேணும்மா."

தினமும் இரண்டு தடவை அந்த எல்லையைத் தாண்டுகிற எனக்கு, சொந்தப் புருஷனால் அதைத் தாண்ட முடியாது என்பது உறைக்கவே இல்லை. கூடவே வாழ்கிறேன், இதுகூடத் தெரியவில்லை. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"அலமாக், மறந்துட்டேன். சரி, கோலாலம்பூர்லேர்ந்து போலாம் லா. இப்பவே மாத்துறேன்."

"மாத்த வேணாம். நான் எங்கேர்ந்தும் போக முடியாது."

தன் கோப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எங்கள் திருமணப் பத்திரம், மகளின் சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம், நான் போட்ட கையெழுத்துகள், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருந்தன. அவருடைய விசாவைப் புதுப்பிக்கக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை இங்கே தங்க ஒரு தற்காலிக அனுமதி கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இருக்கலாம், வேலை பார்க்கலாம். நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் அதோடு அது முடிந்தது, விண்ணப்பமும் முடிந்தது. திரும்பி வருவதென்றால் சுற்றுப்பயணியாகத்தான் வரவேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். வேலை போய்விடும். எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் அவர் எனக்கு முன்பே குடிநுழைவு அலுவலக முகப்பில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், வரிசையில் நின்று, கேட்டிருக்கிறார். முகப்பில் இருந்த அம்மா ரொம்பப் பொறுமையாகச் சொன்னாங்க என்று அதற்கும் சந்தோஷப்பட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வருவது குற்றமா என்று பாத்திரம் கழுவிக்கொண்டே கத்தினேன். பத்து நாளில் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் சொன்னேன்.

"நான்தானே கையெழுத்துப் போட்டு இங்க இருக்கணும்னு கேட்டேன்? பதில் வர்றதுக்குள்ள நானே எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தம்? பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா நான் வீட்ல இருக்கணும்மா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் கத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஊரில் வேறு ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் பக்கத்தில் பெண்ணின் உடன்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து, முன்னால் நடந்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். அண்ணன் வர முடியாது என்று தெரிந்ததும் சித்தப்பா மகனை நிறுத்தலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எங்கண்ணன் இருக்கறப்ப இன்னொருத்தர் எதுக்கு அண்ணி அந்த எடத்துல நிக்கணும்? யாரும் நிக்க வேணாம். அவரு தனியா நடந்து வரட்டும்."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. இதை அவரிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு, "நீ போ. என் எடத்துல நீ நின்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். மகளுக்குப் பள்ளி இருந்ததால் அவள் அப்பாவோடு தங்கினாள். நான் மட்டும் கிளம்பினேன். என் பெட்டியில் தங்கைக்கு என்று அவர் வைத்தவற்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. மண்டப வாசலில் நான் மாலையோடு நின்றேன். ஒரு பெரியம்மா என் காதுபட, மாப்பிள்ளை கையைப் பொம்பளை பிடித்துக் கூட்டிவருவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. மலேசியாவில் அப்படித்தான் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை எல்லாவற்றையும் கவனித்துவிட்டார்.

"மாலைய நீங்க போடுங்க. மச்சானுக்குப் போனைப் போட்டு எங்கிட்ட குடுங்க" என்றார்.

மாலையைப் போட்டுவிட்டு மாசாய்க்கு வீடியோவில் அழைத்தேன். அந்தப் பக்கம் மகள்தான் கைப்பேசியைப் பிடித்திருந்தாள். அவர் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, எங்கள் வீட்டுக் கூடத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி கட்டப் போவதாக என்னிடம் அவர் சொல்லவே இல்லை. இப்படி ஒருவரை எனக்குக் கொடுத்ததற்கு என் மாமியாரை அங்கேயே கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

மாப்பிள்ளை பேசியைத் தன் வலது உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், கையப் புடிச்சாச்சு. முன்னாடி நடங்க."

அவர் நடந்தார். நிஜமாகவே நடந்தார். எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து சமையற்கட்டு வரைக்கும், மெதுவாக, மகள் பின்னாலேயே பேசியைப் பிடித்துக்கொண்டு வர, நடந்தார். கூடம் சின்னது, மண்டபம் பெரியது. சமையற்கட்டுச் சுவர் வந்ததும் திரும்பி மறுபடி வாசல் வரைக்கும் நடந்தார். மாப்பிள்ளை மணவறையை அடைகிற வரைக்கும் அவர் நிற்கவில்லை. அந்தப் பெரியம்மாதான் கூட்டத்தை விலக்கி வழி விட்டார்.

தங்கை தலை நிமிர்ந்து மாப்பிள்ளை கையைப் பார்த்தாள். அத்தனை நாள் அழாதவள் அப்போது அழுதாள். மேளச் சத்தத்தில் அவள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. நான் பேசியை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"அண்ணே, அங்க மணி என்ன? சாப்ட்டியா?"

"இனிமேத்தான். ஒன் கல்யாணத்துக்கு வந்துட்டு சாப்புடாமயா போவேன்?"