வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து

அனந்தபத்மநாபன் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். நெற்றியில் திருமண்ணோடு தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிடித்தம்தான் மனிதரைக் கெடுத்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், மார்கழியில் கூடாரவல்லி அன்று சாயங்காலம், போலீஸ் ஏட்டு சுப்பராயன் பிரசாத அக்காரவடிசிலை வழித்துத் தின்றுவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"சாமி, பெரிய மனுசன் கையெழுத்து ஒண்ணு வோணும். சும்மா பேருக்குத்தான்."

எதற்கென்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமோ? பெருமை தாங்காமல் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சாட்சி சொல்லச் சம்மன் வந்தபோதுதான் அந்தத் தாளில் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. கூடாரவல்லி அன்று காலை பத்து மணிக்கு, கூலிக்கார ராஜமாணிக்கத்தின் குடிசையிலிருந்து, திருட்டுப்போன செம்புக் கம்பியை இவர் கண்ணெதிரே எடுத்தார்களாம். அட கர்மமே, அந்தப் பத்து மணிக்கு ராஜமாணிக்கம் இவருடைய மடைப்பள்ளிக் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான்! மத்தியானம் அவனைப் போலீஸ் கூட்டிப்போனதும் இவருக்குத் தெரியும். ஏன் என்று விசாரிக்கவில்லை.

"இப்போ மாத்திச் சொன்னா, பொய்க் கையெழுத்துன்னு உங்களயே உள்ள வெச்சிடுவாங்க சாமி. பாத்துக்குங்க" என்றார் ஏட்டு.

கோர்ட்டில் இவர் கூண்டேறியதும் ராஜமாணிக்கத்தின் முகம் தெளிந்தது. தன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான், பாவி.

"கம்பியை எடுத்ததை நேரில் பார்த்தீரா?" என்று மாஜிஸ்டிரேட் கேட்டார்.

"பார்த்தேன்."

ராஜமாணிக்கத்துக்கு வக்கீல் கிடையாது. ஏதாவது கேட்கணுமா என்று மாஜிஸ்டிரேட் அவனிடம் கேட்டார். அவன் மெல்லத்தான் கேட்டான்.

"சாமி, அன்னிக்கு நான் உங்ககிட்டதானே வெறகு பொளந்துகினு இருந்தேன்?"

"ஞாபகமில்லை" என்றார் அனந்தபத்மநாபன். அதைச் சொன்ன வாயால்தான் தினமும் திருப்பாவை சொல்கிறார்.

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். மரத்தடியில் ராஜமாணிக்கத்தின் பெண்டாட்டி ஞானம்மா நின்றிருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது.

"நீங்க சாட்சிக்கு வந்துகிறீங்கன்னு சொன்னாங்க சாமி. இனிமே பயமில்லன்னு இருந்தேன். எங்க ஊட்டுக்காரர எப்போ உடுவாங்க?"

"சீக்கிரம் விட்டுடுவாம்மா."

அவள் தள்ளி நின்று தரையில் விழுந்து கும்பிட்டாள். வேண்டாம் என்றுகூட அவர் சொல்லவில்லை.