ஜெனரேட்டர் பக்கத்து அறை

பேபிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கைதட்டல் கிடைத்தது. ராஜகீழ்ப்பாக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், தனக்கு வரவேண்டிய வீட்டை வேண்டாம் என்று மைக்கில் சொன்னபோது.

அந்த ஊரில் நாலு ஃப்ளாட்டுக்குப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்ப்பவள் அவள். ஃப்ளாட்டுகளுக்குப் பின்னாலேயே சிட்டிபாபுவின் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். சிட்டிபாபுவின் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது, மகன் காலத்தில் வாடகை விளைந்தது. ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். அதைப் பற்றியெல்லாம் பேபிக்குப் புகார் கிடையாது. வேலை செய்யும் இடத்திலிருந்து வீடு ஓடிப்போகிற தூரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் வீட்டில் சாலமன் படுத்துக் கிடந்தான்.

சாலமன் அவள் புருஷன், பெயின்டர். அடுக்குமாடி ஒன்றுக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. மதியம் பேபி ஓடி வந்து சோறு போட்டு, துணி மாற்றி, அவனை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். புரட்டாமல் விட்டால் முதுகு அழுகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குப்பன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், சாலமனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவான். கேட்காமலே செய்வான்.

ஃப்ளாட்டை ஒட்டிக் கருவேலம் மண்டிய புறம்போக்கு நிலம் ஒன்று கிடந்தது. அதில் எல்லாவிதமானவர்களுக்கும் கலந்து வீடு கட்டுவதென்று அரசாங்கத்தில் திட்டம் போட்டார்கள். சம்பளக்காரர்களுக்குக் கொஞ்சம் பெரியதாக, தனியாக இருக்கும் பெண்களுக்கு அறைகளாக, பேபி, குப்பன் மாதிரி ஆட்களுக்குக் குறைந்த வாடகையில் சிறியதாக. அக்கம்பக்கத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. "நம்பளுக்கு கண்டிப்பா வரும்க்கா" என்று குப்பன் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஃப்ளாட் சங்கத்துக்குச் செயலாளர் தீபா. பேபி வேலை பார்க்கும் முதல் வீடு அவளுடையதுதான். தீபா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பேபி உஷாராக இருந்திருப்பாள். மீந்த இட்லியைப் பேபிக்குக் கட்டிக் கொடுப்பாள், கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துத் தருவாள். அவள்தான் ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கே வந்து நின்று பேச்செடுத்தாள்.

"எட்டாவது மாடியில போட்டுடுவாங்க பேபி. லிஃப்ட் ஒரு வாரம் ஓடும், அப்புறம் நின்னுடும். சாலமனை எப்படி இறக்குவே, யோசிச்சியா?"

பேபி யோசித்திருக்கவில்லை.

"நம்ம ஜெனரேட்டர் பக்கத்துல வாட்ச்மேன் ரூம் சும்மாதானே கிடக்கு? கிரவுண்ட் ஃப்ளோர், பாத்ரூமோட. உனக்குன்னா நான் கமிட்டியில பேசறேன், நீ எங்க ஃபேமிலி மாதிரி. ஆனா கவர்மென்ட் நடத்தற மீட்டிங்ல, அந்த வீடு வேணாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். நாங்க சொன்னா பணத்திமிர்னு சொல்லுவாங்க. நீ சொன்னா எடுபடும்."

அன்று ராத்திரி சாலமனிடம் சொன்னாள்.

"இன்னாமே, குப்பன் வூட்டையும் சேத்து வாணாங்கறியா?"

"அவனுக்கு காலு கீதுய்யா. எங்கனா போய் பொழைச்சுப்பான்."

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேபி கிறிஸ்துமஸ் புடவையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கைக் கையில் கொடுத்ததும் எழுந்து நின்றாள்.

"எங்களுக்கு மாடி வூடெல்லாம் வாணாம் சார். ஏறி எறங்க முடியாது. இப்ப கீற எடத்துலயே நாங்க நல்லா கீறோம். யாரு கேட்டா வூடு?"

கடைசி வார்த்தை தீபா சொல்லிக்கொடுத்ததில்லை. உற்சாகத்தில் பேபியே சேர்த்துக்கொண்டது. மண்டபமே கைதட்டியது. பின்னால் குப்பன் எழுந்து, "சார், அந்த அக்கா அவங்களுக்கு சொல்லுது, எங்களுக்கு வேணும் சார்" என்று கத்தினான். மைக் அவன் பக்கம் போகவே இல்லை. வீடு வேண்டியவர்களே வேண்டாம் என்கிறார்களே என்று அதிகாரி கூட்டத்தை முடித்தார். பேபி குப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திட்டம் கைவிடப்பட்டது. கருவேலத்தை வெட்டி, நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டார்கள். ஃப்ளாட் நாய்கள் காலையும் மாலையும் அங்கே உலாவின. வாட்ச்மேன் அறையைப் பற்றிப் பேபி கேட்டாள்.

"நான் எவ்வளவோ பேசினேன் பேபி. பெட் பேஷன்ட், ஸ்மெல் வரும், பசங்க விளையாடற இடம்னுட்டாங்க. மெஜாரிட்டி."

அந்த அறையில் ஆன்லைன் பார்சல்களை அடுக்கினார்கள். அதைப் பெருக்குகிற வேலையும் பேபிக்கே வந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் சிட்டிபாபு லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார். பில்டர் கேட்கிறான் என்றார். "இந்த எடத்துல நல்லா இருக்கோம்னு நீதானேம்மா மைக்குல சொன்னே, அதைக் கேட்டுதான் வந்துட்டான்" என்று சிரிக்க வேறு செய்தார். பேபி இரும்புலியூரில் தேடினாள். படுத்த படுக்கை என்றதும் கதவைச் சாத்தினார்கள். பொத்தேரியில் கல்லூரிப் பையன்களைத் தலைக்கு இவ்வளவு என்று அடைத்துவைத்திருந்தார்கள், குடும்பத்துக்கு இடமில்லை. கடைசியில் சிங்கப்பெருமாள் கோயிலையும் தாண்டி உள்ளே போய்த்தான் ஓர் அறை அமைந்தது.

குப்பன்தான் ஆட்டோ கொண்டுவந்து சாலமனைத் தூக்கி ஏற்றினான். "அண்ணனுக்காக வந்தேன். உனக்கில்ல" என்றான். அதற்கப்புறம் அவன் குடும்பம் எந்தப் பக்கம் போனதென்று பேபிக்குத் தெரியாது.

இப்போது அவள் விடிவதற்குள் சாலமன் கைக்கெட்டுகிற மாதிரி தண்ணீரும் ரொட்டியும் வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். திரும்பும்போது இருட்டியிருக்கும். நடுவில் புரட்டிவிட ஆளில்லை. முதுகில் முதலில் சிவந்தது, பிறகு குழி விழுந்தது. ஒரு நாள் கதவைத் திறந்ததும் சாலமன் சொன்னான்:

"எறும்பு மொய்க்குதுமே. கை எட்டல."

விளக்கைப் போட்டுப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒவ்வோர் எறும்பாக எடுத்தாள். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் ரயிலை விட்டுவிட்டு மறுபடி தாமதமாகத்தான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். தீபா லேப்டாப்பை மூடிவிட்டு வந்து மென்மையாகத்தான் பேசினாள்.

"எனக்கும் கஷ்டமா இருக்கு பேபி. டெய்லி லேட் ஆகுது, எனக்குக் காலையில ஆபீஸ் கால் இருக்கு. நாளையிலேர்ந்து வேணாம், சரியா? நடந்து வர்ற தூரத்துல நல்ல ஆள் யாராவது இருந்தா சொல்லு."

பேபி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே பெஞ்சில் ஒருவரும் இல்லை. ஒரு நாய் சுற்றிக்கொண்டிருந்தது.

"நடந்து வர்ற தூரத்துல இப்ப யாரு கீறாங்கக்கா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்." தீபா உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "இந்த ஏரியாவுல உங்களை மாதிரி ஆளுங்களுக்கு நாலு வீடு கட்டணும்னு எவனுக்காவது தோணுதா பாரு."

பேபி மிச்ச வேலையை முடித்து, துடைக்கிற துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். மதியமாகியிருந்தது, சாலமனைப் புரட்டுகிற நேரம். கால் பழக்கத்தில் பின்பக்க கேட்டைத் தாண்டி ஓடினாள். லைன் வீடுகள் இருந்த இடத்தில் பெரிய பள்ளம் தோண்டியிருந்தார்கள்.