சுவாஹிலிச் சுகமும் போலிஷ் சுகமும்

கட்டடம் பார்க்கிற வேலையில் ஸ்பானர் பிடிக்கப் பழகுவது சுலபம், 'எப்படிச் சுகம்?' என்று கேட்டால் வருகிற பதிலை எவ்வளவு நம்பலாம் என்று பழகுவதுதான் கஷ்டம். மொன்றியலில் எங்களைக் கொன்சியேர்ஜ் என்பார்கள். இந்த வேலையில் முதுகை முறித்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேல்வீட்டுக்காரர் "ஒரு குறையும் இல்லை" என்று சொன்ன அன்றுதான் கீழ்வீட்டுக் கூரையால் தண்ணீர் சொட்டும்.

நகரின் வடக்கே, அஹுன்ட்சிக் பகுதியில் நான் பார்க்கும் கட்டடத்தில் பல மொழிகள் உண்டு. என் காதில் தங்கியவை இரண்டு, சுவாஹிலியும் போலிஷும். இரண்டையும் படிக்கட்டில் நின்றே பிடித்தேன், அதுவும் சுகம் விசாரிக்கிற அளவுக்குத்தான். மற்றக் கதையெல்லாம் பிரெஞ்சில். இங்கே என் தமிழில் தருகிறேன்.

முசூரி

இரண்டாம் மாடி அமிசி கொங்கோ நாட்டின் கிழக்கிலிருந்து வந்தவர். என்னை 'ம்ஸே' என்பார், பெரியவர் என்று அர்த்தம். அவருடைய சுவாஹிலியில் 'ஹபாரி?' என்றால் என்ன செய்தி என்பது. வீட்டுச் செய்தி, பிள்ளைகளின் செய்தி, வேலைச் செய்தி என்று ஒவ்வொன்றாய்க் கேட்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'முசூரி', நல்லது, என்று பதில் வரும்.

ஒரு ஜனவரிக் காலையில் இப்படி எல்லாச் செய்தியும் நல்லதாய் முடிந்து, நான் வாளியைத் தூக்கித் திரும்பிய பிறகு சொன்னார், முந்தநாளிலிருந்து வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லையாம். பிள்ளைகள் கோட்டோடு படுக்கிறார்களாம். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கத்தினேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"ம்ஸே, அன்பாய்ச் சுகம் கேட்கிற ஆளை எடுத்த எடுப்பிலேயே கவலைப்படுத்தலாமோ?"

ஸ்டாரா பியெடா

மூன்றாம் மாடி ஹலீனா அம்மா இதற்கு நேரெதிர். தனியாக இருந்த போலிஷ் விதவை. என்னை மரியாதையாய் 'பான் நடேசன்' என்பா. சுகம் கேட்டால் 'ஸ்டாரா பியெடா', அதே பழைய துன்பம்தான், என்று தொடங்குவா. முழங்கால், பனி, பிந்தி வருகிற பஸ், மருந்துக்கடைப் பெண்ணின் முகம் என்று எல்லாம் வரிசையாய் வரும்.

முதல் தடவை பயந்துபோய் ஸ்பானர் பெட்டியோடு மேலே ஓடினேன். குழாயும் சரி, அடுப்பும் சரி. எது உடைந்தது என்று கேட்டேன்.

"ஒன்றும் உடையேல்லை. நீங்கள் கேட்டியள், நான் சொன்னன். எல்லாம் நல்லம் என்று சிரிக்க நான் என்ன, பற்பசை விளம்பரமோ?"

மகளின் கேள்வி

ஹலீனாவின் மகள் கல்கரியில் இருந்தா. ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளை, தாய் போனில் சொல்கிற துன்பமெல்லாம் உண்மை என்று நம்பிவிட்டா. மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு முதியோர் இல்லத்தையும் பார்த்து வைத்திருந்தா. ஹலீனாவுக்கோ அந்த மூன்றாம் மாடி வீட்டை விட்டுப் போகக்கூடாது, அது ஒன்றுதான் ஆசை. மகள் என்னை அழைத்து, அம்மா உண்மையில் எப்படி என்று கேட்டா.

என்ன சொல்வதென்று என் மனுசியிடம் கேட்டேன். "உந்த மனுசி புறுபுறுத்துக்கொண்டு இருக்கிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை, அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள். அப்படியே சொன்னேன். மகள் திருப்பிக் கேட்டா.

"அப்ப உண்மையாகவே வருத்தம், நோய் என்று வந்தால் எப்பிடி எங்களுக்குத் தெரியும்?"

இரண்டு விசாரிப்பு

அடுத்த மாரிக்குளிரில் என் மனுசி போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பினேன். வாசல் பனியில் ஆட்கள் வழுக்காமலிருக்க உப்புத் தூவிக்கொண்டிருந்தபோது அமிசி வந்தார். வேலைச் செய்தி கேட்டார், முசூரி என்றேன். பிள்ளைகளின் செய்தி கேட்டார், முசூரி என்றேன். வீட்டுச் செய்தியை மட்டும் கேட்காமல், என் கையிலிருந்த உப்பு வாளியை வாங்கி மிச்சத்தை அவரே தூவினார்.

ஹலீனா அப்படி விடவில்லை. எப்படி என்று கேட்டா, பரவாயில்லை என்றேன். "அது அமிசியின் பதில். என்னட்டை ஒழுங்காய்ச் சொல்லுங்கோ" என்றா. படியில் உட்கார்ந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியவில்லை, சோறு தினமும் மிஞ்சுகிறது, கொட்டவும் மனம் வருகுதில்லை என்றேன். அதற்குமேலும் நிறையச் சொன்னேன். அவ கைத்தடியை ஊன்றியபடி கடைசிவரை கேட்டா.

"இப்பதான் பான் நடேசன், நீங்கள் போலிஷ் கதைக்கிறியள்."

டொப்ஜே

பனி உருகத் தொடங்கிய ஒரு காலை, ஹலீனாவின் கதவைத் தட்டிச் சுகம் கேட்டேன். கதவைக் கொஞ்சமாய்த் திறந்து, "டொப்ஜே. எல்லாம் நல்லம், நன்றி" என்று சாத்திவிட்டா. கீழே வந்து துடைப்பத்தைப் பிடித்தேன், கை ஓடவில்லை.

அமிசியிடம் சொன்னேன். "நல்லம் என்றால் நல்லதுதானே, ம்ஸே" என்று சிரித்தவர், இரண்டு படி இறங்கி நின்றுவிட்டார். "நான் சொன்னால் அது வழக்கம். அவவோ..." இருவரும் மேலே ஓடினோம். என் சாவியால் கதவைத் திறந்தால், ஹலீனா கதிரையைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு நின்றா. சனிக்கிழமை மகள் வர இருந்தா, வீடா இல்லமா என்று முடிவெடுக்க. மகளிடம் சொல்லத்தான் அந்த 'நல்லம்' என்னிடம் ஒத்திகை பார்க்கப்பட்டது.

அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். அடித்தால் அந்த வீடு போய்விடும் என்று எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சரில் என்னைக் கடந்து போகும்போது ஒக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு திட்டினா.

"இத்தனை வருசத்தில் ஒரு நாள் நல்லாயிருக்கிறன் எண்டு சொன்னன், அதையும் நம்பேல்லையே!"

மேற்கு முனை

மூன்றாம் மாடியில் இப்போது வேறு ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோவும் பஸ்ஸும் மாறி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். முதல் தடவை அறை வாசலில் நின்று, சுகம் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"ஸ்டாரா பியெடா. சூப்பில் உப்பில்லை, பக்கத்து அறைக்காரிக்குக் காது கேளாது, ரீவி அலறுது. இருங்கோ, இன்னும் இருக்கு."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். தன் துன்பம் முடிந்ததும் என்னுடையதைக் கேட்டா, நானும் ஒழுங்காய்ச் சொன்னேன். திரும்பி வந்தால் வாசலில் அமிசி, இந்தத் தடவை வீட்டுச் செய்தியையும் சேர்த்துக் கேட்டார்.

"முசூரி" என்றேன்.

ஆக, வேலை நாட்களில் சுவாஹிலியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போலிஷிலும் நான் சுகமாய்த்தான் இருக்கிறேன்.