தேவம்மா நீட்டிய எள்

காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓடும் தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். பாலம் ஏறாமல் அந்த ஊரைவிட்டு வெளியே போக முடியாது என்பது, புளியம்பட்டிப் பக்கத்திலிருந்து அங்கே குடிவந்த ராமக்காளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அது 1991 மே மாதம். கணவன் மாரிசாமிக்கு மைசூரில் நூல் மில்லில் வேலை. மைசூர் வாடகை கட்டுப்படியாகவில்லை. காலை ஆறு மணிப் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனால் மாலை நான்கரைக்குத் திரும்புவான்.

அந்த ஊர்க்காரர்கள் சாம்பாரில் வெல்லம் போட்டார்கள், பழகிக்கொண்டாள். வீட்டுக்காரி தேவம்மா முதன்முதலில் வந்தபோது ராமக்காள் சொம்பில் தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

"பெல்லம் இல்லாத வெறும் தண்ணியா? நான் என்னம்மா, மாடா?" என்றாள் தேவம்மா. அதன்பிறகு ராமக்காள், யார் வந்தாலும் தண்ணீரோடு ஒரு துண்டு வெல்லமும் வைத்தாள்.

டிசம்பரில் காவிரித் தண்ணீருக்காகத் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. மாரிசாமி நான்கு நாள் கதவைத் தாழிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தான். "கொஞ்ச நாளு தெருவுல தமிழ் பேசபேடா," என்று மட்டும் தேவம்மா ஜன்னல் வழியே சொல்லிவிட்டுப் போனாள். அவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், பஸ் கிளம்பியதிலிருந்து அவன் திரும்பும்வரை ராமக்காள் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

சங்கராந்தியன்றும் மில் ஓடியது. பத்து மணிக்குத் தேவம்மா பட்டுச்சேலையோடு வாசலில் வந்து நின்றாள். கையில், அங்கே சங்கராந்திக்கு வீடு வீடாகக் கொடுக்கும் பண்டிகைத் தட்டு. வறுத்த எள், வெல்லம், கொப்பரைத் துண்டு, வேர்க்கடலை, நடுவில் சர்க்கரையில் வார்த்த கிளி ஒன்று.

"எள்ளு தகோ, கை நீட்டு."

ராமக்காளின் கை தானாகப் பின்னால் போயிற்று. மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணன் காரியத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்ததைப் பார்த்தவள். அடுத்தவர் கையிலிருந்து எள் வாங்கினால் அந்த வீட்டுச் சாவையும் சேர்த்து வாங்குவதாக அவள் ஊரில் சொல்வார்கள். மாரிசாமியோ பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

"வேண்டாங்க."

"பேடவா? சங்கராந்தி ஹப்பத்து நாள்ல என் கையி பேடவா?"

எதிர் வீட்டு வாசலில் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவம்மா வந்த வழியே போய்விட்டாள்.

ராமக்காள் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் அடுத்த பயம் பிடித்தது. வீட்டைக் காலி பண்ணு என்று தேவம்மா ஒரு வார்த்தை சொன்னால், இந்தச் சமயத்தில் தமிழ்க் குடும்பத்துக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அரைமணி நேரம் உள்ளேயே நின்றாள். பிறகு தேவம்மா வீட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எங்கூர்ல எள்ளை எழவுக்குத்தானுங் எடுப்பாங்க. அவரு வெளிய போயிருக்கறாரு. கை நீட்டப் பயமா இருந்துச்சுங்."

தேவம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்களுக்கும் சாவுக்கு எள்ளுதான். பின்ன, நாங்க ராகி இறைக்கறோம்னு நெனச்சியா?" என்று சிரித்தாள். சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இங்க நோடு, எதிர் வீட்டுக்காரி கேக்கறா, உன் வீட்டுத் தமிழுக்காரி உன் கையில வாங்கமாட்டாளான்னு. வாசலுக்கு வந்து தின்னு. அவ பாக்கட்டும்."

வாசலில் இப்போது நான்கு பெண்கள் நின்றார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசு என்று கன்னடத்தில் சொல்லி, தேவம்மா அவள் உள்ளங்கையில் கொட்டினாள். ராமக்காள் மாரிசாமியை நினைத்துக்கொண்டு மெல்லாமல் விழுங்கினாள். புரையேறியது. எதிர் வீட்டுக்காரி தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான்கரைக்கு மாரிசாமி வந்தான். எள் தின்றதை அவள் அவனிடம் மறைத்துவிட்டாள். அன்றிலிருந்து, எழவு வீட்டுக் காரியக் கணக்குப்படி பதினாறு நாள், அவன் வந்து செருப்பைக் கழற்றும்வரை சோற்றைத் தொடவில்லை.

பதினேழாம் நாள், எள்ளின் கணக்கு கழிந்துவிட்டது என்று, அவன் போனதும் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. கலவரம் நடந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.