நான் திறந்துவிட்ட வால்வு

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் வார்ப்படக் கம்பெனிக்குள் முழங்கால் தண்ணீரில் நுழைந்தேன். ஹெல்மெட், மஞ்சள் ஜாக்கெட், கழுத்தில் விசில். நான்தான் சேஃப்டி ஆபீசர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று எனக்கு அக்கறை அதிகம்.

ஃபிட்டர் ஏசுதாஸ் ஓடிவந்தார். "சார், காத்துல பறந்த கூரை ஷீட்டு டீசல் டேங்க் பைப்ப ஒடச்சிடுச்சி. டேங்க் வால்வ மூடிட்டேன். அதுக்குள்ள நெறைய எறங்கிடுச்சி."

"பயப்படாதீங்க. டேங்கைச் சுத்தி தடுப்புச் சுவர் இருக்கு. மொத்த டீசலும் ஒழுகினாலும் தாங்கும்," என்றேன். பயிற்சி வகுப்பில் பலமுறை சொன்ன வாக்கியம். தடங்கலில்லாமல் வந்தது.

துப்புரவு வேலை பார்க்கும் குப்பம்மா காம்பவுண்டு ஓரத்திலிருந்து கத்தினார். "இன்னா சார் தாங்குது? காவாயில கலர் கலரா போய்க்கினு கீது! எங்க ஊரு ஏரிக்குத்தான் போவுது. மாடு தண்ணி குடிக்கிற எடம்!"

சுவரில் விரிசல் என்று முடிவுகட்டி, நான்கு பேரை விட்டு சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். விசிலும் ஊதினேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

ஏசுதாஸ் மட்டும் தடுப்புச் சுவரின் மூலையில் குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினார். "சார், மழத்தண்ணி வெளிய போற வால்வு ஃபுல்லா தொறந்து கீது. யாரு சார் தொறந்தது?"

சுவருக்குள் மழைநீர் தேங்கக்கூடாதென்று முந்தின நாள் திறந்துவிட்டவன் நான். 'எப்போதும் மூடியே இருக்க வேண்டும்' என்று அதன்மேல் போர்டு மாட்டியவனும் நானே.

"முதல்ல மூடுங்க," என்றேன்.

குப்பம்மா என் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கால்வாயின் குறுக்கே தகர ஷீட்டை இறக்கி, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் மணல்மூட்டை அடுக்கவைத்தார். "எண்ணெ மேல நிக்கும், தண்ணி கீழ போவும். கொழம்பு வைக்கிறவளுக்குத் தெரியாதா?" தேங்கிய டீசலை மத்தியானம் வரை பக்கெட்டில் அள்ளினோம். ஏரி வரை நடந்துபோய்ப் பார்த்தோம். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை.

மறுநாள் அறிக்கையில், 'வால்வு திறந்த நிலையில் காணப்பட்டது' என்று எழுதினேன், அது தானாகத் திறந்துகொண்டதுபோல. மேனேஜர் படித்துவிட்டு, "வால்வெல்லாம் ஃபிட்டர் பொறுப்புதானே? ஏசுதாசுக்கு மெமோ கொடுத்துடலாம்," என்றார்.

ஏசுதாஸ் பக்கத்தில்தான் நின்றார். டீசல் பட்ட கைகள் சிவந்து தடித்திருந்தன.

"நான்தான் சார் தொறந்தேன்," என்றேன். மெமோ எனக்கு வந்தது.

வெளியே வந்ததும் ஏசுதாஸ் சிரித்தார். "நேத்தே உங்க மூஞ்சியப் பாத்து தெரிஞ்சிக்கினேன். எப்ப சொல்லுவீங்கன்னுதான் சார் பாத்துக்கினு இருந்தேன்."

வால்வைத் திறக்க எனக்குப் பத்து விநாடி ஆனது. திறந்தது நான்தான் என்று சொல்ல ஒரு முழு நாள் ஆனது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, இரண்டாவதை வேகமாகச் செய்யப் பழகிக்கொள்ளுங்கள்.