காலடிக் கலங்கல்

சாவிக்காரருக்கு இந்த ஐம்பத்திரண்டு வயதில் யார்மேலும் பகை கிடையாது, பொறாமைதான் உண்டு. பள்ளிக்கூட நாளில் அண்ணனின் கையெழுத்தைப் பார்த்து வயிறெரிந்தார். கல்யாணமான புதிதில் எதிர்வீட்டுக்காரரின் அடர்ந்த தலைமுடியைப் பார்த்து வயிறெரிந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு கடைகளின் இடுக்கில், ஓர் ஆள் உட்காரும் அகலத்தில்தான் அவர் கடை. அங்கே முப்பது வருஷமாக அரம் பிடித்துச் சாவி ராவுகிறார். பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் நாலு பேர் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால் அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இறங்கிவிட்டால் மட்டும் மனிதர் நிம்மதியாக இருப்பார். கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இவர் முழங்கால் தண்ணீரில் நடந்து பிடிக்கிறவர். அதற்கென்று ஒரு பழைய கான்வாஸ் ஷூ, ஆழம் பார்க்க ஒரு கம்பு. மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் ஆள் கீழேயிருந்து மேலே போனால்தான் அதன் முதுகுப்பக்கமாக நெருங்கலாம். காலைத் தூக்கி வைத்தால் பாசியில் வழுக்கும், தண்ணீர் சளப்பென்று சத்தம் போடும். ஆகவே தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். தூண்டிலை மேல்பக்கம் சாய்வாக எறிந்து, புழு தானாக மிதந்து வருகிற மாதிரி நைலான் நரம்பை மெல்லச் சுருட்ட வேண்டும். இப்படி நாலைந்து கெண்டையோடு வீடு திரும்பினால் மனைவி வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

போன வருஷம் அதில் மண் விழுந்தது. மனைவியின் தம்பி, வேன் டிரைவர், வேலை மாற்றிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தான். அவனையும் ஆற்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள் அவள். இவரும் பெரிய மனது பண்ணி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே மச்சானுக்கு ஏழு, இவருக்கு மூன்று. குருட்டு அதிர்ஷ்டம் என்று சிரித்துவைத்தார். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே.

ஆள் கால் படாத தண்ணீர் தனக்கே கிடைக்கட்டும் என்று எப்போதும் தானே முன்னால் போய்ப் பார்த்தார். மச்சான் மரியாதையாகப் பதினைந்து அடி பின்னால் நின்றான்; மீனெல்லாம் அவனிடமே போயிற்று. வீட்டில் இப்போது தம்பியின் பைதான் முதலில் திறக்கப்பட்டது. அக்காளும் தம்பியும் சமையலறையில் செதில் சீவிச் சிரிக்க, சாவிக்காரர் வாசலில் உட்கார்ந்து ஷூ முடிச்சை அரை மணி நேரம் அவிழ்த்தார். சாப்பிடும்போது மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்றார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

ஒருநாள் அவர் தூண்டில் எங்கோ கிளையில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் திரும்பியவர் தன் குதிகாலைப் பார்த்தார். அவர் தேய்த்து நடந்த வழியெல்லாம் கூழாங்கல் புரண்டு, சேறும் பூச்சிகளும் கிளம்பி, ஒரு கலங்கல் கோடாகக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மீன்கள் முண்டியடித்துத் தின்றுகொண்டிருந்தன. கோடு போய் முடிந்த இடத்தில் மச்சானின் முழங்கால் இருந்தது. ஒரு வருஷமாகத் தன் காலாலேயே அவனுக்குப் பந்தி வைத்திருக்கிறார்!

அப்படியே திரும்பி நின்று அந்தக் கலங்கலில் தூண்டிலைப் போட்டிருந்தால் அவருக்கும் பை நிறைந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவே இல்லை. அவன் பிழைப்பை எப்படிக் கெடுப்பது என்பதுதான் தோன்றியது. அடுத்த வாரத்திலிருந்து ஒரே இடத்தில் நட்டுவைத்த கம்பமாக நின்றார். மூன்று வாரம் மச்சானுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இவருக்கு மொத்தத்தில் விரல் நீளத்தில் ஒன்று கிடைத்தது. அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு நடந்தார்.

நாலாவது வாரம் மச்சான் தண்ணீரில் அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"அத்தான், முழங்கால் ரொம்ப வலிக்குதா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூணு வாரமா நீங்க நடக்கவே இல்லையே. நீங்க முன்னால போய் காலால கிளறி விடறதாலதான் எனக்கு மீன் வருதுன்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. வெளிய காட்டிக்காம எனக்காகச் செய்யறாருன்னு அக்காகிட்ட சொன்னேன். அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'அவர் மனசு அப்படி'ன்னு சொல்லுச்சு."

சாவிக்காரர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஒரு வருஷமாக மனைவி தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று உறைத்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டார்.

"ஆமா மாப்ள, கொஞ்சம் வலிதான்" என்றார்.

"அப்ப நான் முன்னால போறேன். நீங்க பின்னால நில்லுங்க."

சொன்னவன் பாதி ஆறு கலங்குகிற மாதிரி காலைத் தேய்த்துக்கொண்டு போனான். இரண்டு நிமிஷத்தில் இவர் கையிலிருந்த தூண்டில் வில்லாக வளைந்தது. அவர் ஆயுளில் பிடித்ததிலேயே பெரிய கெண்டை, ஒரு முழம் இருக்கும். மச்சான் தன் தூண்டிலை அப்படியே போட்டுவிட்டு, விழுந்தடித்து ஓடிவந்து மீனை மார்போடு அணைத்துப் பிடித்தான். அக்காளிடம் இதை நான்தான் முதலில் சொல்வேன் என்று சின்னப் பிள்ளையாகக் குதித்தான். அவன் தூண்டில் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

சாவிக்காரர் மீனைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் துருவித் துருவிப் பார்த்தார். ஒரு துளி வயிற்றெரிச்சலாவது எங்காவது ஒட்டியிருக்கும் என்று தேடினார். இல்லை. அடுத்தவன் கையில் இருக்கிற மீனுக்கு ஒரு மனுஷனால் இப்படிச் சந்தோஷப்பட முடிகிறதே என்று அவன்மேல் அவருக்கு வந்தது பாருங்கள் ஒரு பொறாமை, அந்த ஆயுளில் அவ்வளவு பெரியதாக ஒன்று அவருக்கு வந்ததில்லை.