காதோரம் பூசிய திருநீறு

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த சமயம். மும்பையில் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தேன். செம்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். கொரோனாவோடு பக்கவாதமும் வந்து சேர்க்கப்பட்டவர்களில் யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, ஏன் என்று டாக்டர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கேஸ் ஷீட்டைப் பார்த்துப் படிவம் நிரப்புவதும், டிஸ்சார்ஜ் ஆனவர்களின் வீட்டுக்குப் போன் செய்து நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுவதும் என் வேலை. தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என் தலையில் விழுந்தன.

எதையும் துருவிப் பார்க்கிற புத்தி எனக்கு. வயது, சுகர், பிரஷர், கிட்னி, வந்தபோது ஆக்ஸிஜன் எவ்வளவு, நினைவு இருந்ததா என்று படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஜூனியர் டாக்டரை நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நாளில், போன் போடும் முன்பே 'இவர் இருப்பார், இவர் இருக்க மாட்டார்' என்று எனக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. அதில் ஒரு பெருமை வேறு. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த ஆர்வத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். என் கணவருக்கு சுகரும் உண்டு, பிரஷரும் உண்டு. மாத்திரையை மறப்பார், கேட்டால் சிரிப்பார். ஒவ்வொரு படிவத்திலும் மனதுக்குள் அவர் பெயரை எழுதிப் பார்த்தேன். எத்தனை கட்டத்தில் டிக் விழுந்தால் ஆள் போய்விடுவார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு மதியம், தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த ஒருவரின் படிவம் வந்தது. அறுபதைத் தாண்டியவர். சுகர், பிரஷர், கிட்னி, குறைந்த ஆக்ஸிஜன், அரை மயக்கம் என எல்லாவற்றிலும் டிக். எனக்குச் சந்தேகமே இல்லை. போனை எடுத்தது அவர் மனைவி. குரலைத் தாழ்த்தி வருத்தம் சொல்லிவிட்டு, அவர் தவறிய தேதியைக் கேட்டேன்.

"என்னம்மா பேசுதிய? அவிய இங்கனதான் சாப்புட்டுக்கிட்டு இருக்காவ. இருங்க, குடுக்கேன்" என்றார்.

போனை வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவரே வந்துவிட்டார்.

"நாந்தான் பேசுதேன். நாக்கு கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கிடுங்க."

திணறித் திணறி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "செத்தவன்கிட்ட கேக்க முடியாததையெல்லாம் எங்கிட்ட கேக்கலாம்லா. கேளுங்க."

படிவத்தில் இல்லாததையும் சேர்த்துக் கேட்டேன். எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்டதும் போன் மறுபடி மனைவியிடம் போனது. காய்ச்சலாகவே இருந்தாலும், முகம் கழுவித் திருநீறு பூசாமல் அவர் டீ குடிக்க மாட்டாராம். அன்று காலை நெற்றி காலியாக இருக்க, திருநீறு காதோரமும் தோளிலும் சிந்திக் கிடந்திருக்கிறது. அந்தம்மா திரும்பப் பூசச் சொல்லியிருக்கிறார். கை நெற்றி வரை ஏறவில்லை. உடனே அந்தம்மா சந்தில் இறங்கிக் கத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்து. அந்த வீட்டில் கொரோனா என்று தெரிந்தும், அக்கம்பக்கத்தார் முகத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, தோல் ஏற்றும் கைவண்டியில் அவரைப் படுக்கவைத்து மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு ஓடினார்களாம். அங்கிருந்து டாக்ஸி.

போனை வைத்ததும் படிவத்தைப் புரட்டினேன். அறிகுறி தெரிந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் என்று இரண்டு கட்டங்கள். நான் என் கையாலேயே நிரப்பியவை. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர் உடனே கவனித்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று பட்டது. என் கணவர் விஷயத்தில் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டியவள் நான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. சீக்கிரம் வந்தும் போனவர்கள் உண்டு என்று ஜூனியர் டாக்டர் அப்புறம் சொன்னார். இருக்கட்டும்.

என் கணவருக்குத் திருநீறு பூசும் பழக்கம் கிடையாது. அதனால் மறுநாளிலிருந்து காபியை மேஜையில் வைப்பதை நிறுத்தினேன். மாத்திரையை விழுங்கவைத்துவிட்டு, டம்ளரைக் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். என்ன புது மரியாதை என்று கேலி செய்வார். காரணத்தை இன்றுவரை சொல்லவில்லை. அந்தத் தாராவி அம்மாவை நினைத்துக்கொள்வேன். டம்ளர் என் கணவர் விரல்களில் உறுதியாக நின்ற பிறகுதான் எனக்கு அன்றைய பொழுது விடிகிறது.